"தொட்டியில தண்ணி இருக்குதுங்களா?": வளாகத் தகவலுக்கு ஒயர்லெஸ் சென்சார் வலை அமைக்கும் வழி

கல்லூரி வளாகத்தில் விடிந்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் நான்கைந்துதான். "மேல் தொட்டியில தண்ணி இருக்குதுங்களா?" "பெருந்துறை பஸ் போயிருச்சுங்களா?" "ரீடிங் ஹால்ல இடம் கிடைக்குமா?" "லேப்புக்குக் கரண்ட் வந்துருச்சா?" கேட்பவர் விடுதியில் நின்றாலும் மெஸ் வாசலில் நின்றாலும் பதில் அங்கேயே கிடைக்க வேண்டும். எங்கும் பரவிய தகவல் சேவை என்பதன் பொருள் அவ்வளவே. கணினி கண்ணில் படாமல் சுற்றுப்புறத்தோடு கலந்துவிட வேண்டும் என்று ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசர் 1980களின் இறுதியில் சொன்ன கருத்துதான் இதன் வேர்.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து வளாகங்கள் பல, ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் விரிந்து கிடப்பவை. அப்படி ஒரு 100 ஏக்கர் வளாகத்தை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறோம்: இரண்டு விடுதி, ஐந்து வகுப்புக் கட்டடம், ஒரு டஜன் தண்ணீர்த் தொட்டி. முதலில் ஐந்து நோடு (சென்சாரும் ரேடியோவும் மின்சாரமும் சேர்ந்த சின்னப் பெட்டி). அது மூன்று மாதம் ஓடிய பிறகு ஐம்பது. அதன் பிறகே இருநூறு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

சென்சார் வாங்கிவிட்டு அதை எங்கே மாட்டலாம் என்று தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு குறிப்பு எழுதுங்கள்: யார் கேட்கிறார், பதில் எவ்வளவு பழையதாக இருக்கலாம், பதிலைக் கேட்டு அவர் என்ன செய்வார், பதில் தவறானால் என்ன கெடும்.

தொட்டியை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் விடுதிக் காப்பாளரும் மோட்டார் போடும் அண்ணனும். 15 நிமிடம் பழைய பதில் போதும். கேட்டதும் மோட்டார் போடுவார்கள். தவறானால் காலை எட்டு மணிக்கு நானூறு பேர் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்பார்கள், அல்லது தொட்டி வழியும். பஸ் கேள்விக்கோ ஒரு நிமிடப் பழசுகூட அதிகம். அதோடு பஸ் வளாகத்துக்கு வெளியே ஓடுகிறது. எனவே அதற்கு ஜிபிஎஸ்ஸும் மொபைல் சிம்மும் கொண்ட கருவிதான் சரி. சென்சார் வலைக்குள் அதை இழுக்க வேண்டாம். இப்படி எழுதிப் பார்த்தால் பாதிக் கேள்விகள் தாமே விலகிவிடும்.

மோட்டார் போடுபவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தொட்டி எதற்குத் தண்ணீர் தருகிறது, எந்த வால்வு பழுது, போர் தண்ணீர் எதில் விழுகிறது, ஆற்றுத் தண்ணீர் எதில் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. அவருக்குத்தான் தெரியும். முதல் பயனாளியும் அவராகவே இருக்க வேண்டும்.

எந்த அலையில் பேசுவது

வளாகத்தில் வைஃபை இருக்கிறதே என்று இஎஸ்பி32 பலகையை (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை) அதில் கோக்க நினைப்பது இயல்பு. மூன்று இடத்தில் அது சிக்கும். பல கல்லூரிகளின் வைஃபை, பிரவுசரில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சென்சாருக்கு அதை நிரப்பத் தெரியாது. கடவுச்சொல்லை ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றுவார்கள். மாற்றிய அன்றே எல்லா நோடும் ஊமையாகும். மூன்றாவதாக, இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். புதிய கட்டடங்களில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்திருப்பதும் உண்டு. சுவரில் பிளக் இருக்கும் இடத்தில், நிறையத் தகவல் அனுப்ப வேண்டிய கருவிக்கு வைஃபை நல்லது. அதற்கும் கணினித் துறையிடம் சென்சாருக்கென்றே தனி வலைப்பெயர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ முறை ஒரு மாடிக்குள், பிளக்கில் ஓடும் கருவிகள் அடுத்தடுத்து இருக்கும்போது நன்றாக ஓடும். தென்னந்தோப்பைத் தாண்ட அது உதவாது.

பேட்டரியில் பல ஆண்டு ஓட வேண்டிய, சில பைட் மட்டும் அனுப்பும், நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும் நோடுக்கு லோராவான் என்ற தொலைதூர ரேடியோ முறை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை (2005 அறிவிக்கையில் 867 வரை இருந்தது, 2021ல் 868 வரை நீட்டினார்கள்). டிரான்ஸ்மிட்டர் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. லோராவானில் இதற்கான திட்டத்தின் பெயர் ஐஎன்865. அதில் எல்லா நோடுக்கும் பொதுவான சேனல்கள் மூன்று: 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ். கடையில் 433, 868, 915 என்று மூன்று வகை மாட்யூல் கிடைக்கும். 868 என்று விற்பதை வாங்குங்கள். அது 865லும் ஓடும். ஆன்டெனாவும் அதே அலைக்கானதாக இருக்க வேண்டும். 433 ஆன்டெனா பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தூரம் குறைந்துவிடும். விற்பவரிடம் டபிள்யூபிசி (மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவு) தரும் இடிஏ என்ற கருவி ஒப்புதல் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

முதல் ஐந்து நோடுக்குச் சாமான்

எட்டுச் சேனல் கேட்வே ஒன்று (எஸ்எக்ஸ்1302 சிப் உள்ளது, வெளிப்புறப் பெட்டியோடு). நோடுகள் அனுப்புவதைக் கேட்டுச் சர்வருக்குக் கொடுப்பது இதுதான். ஒற்றைச் சேனல் கேட்வே என்று மலிவாக விற்பதை வாங்க வேண்டாம். அது ஒரு சேனலில் ஒரு வேகத்தை மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் காற்றோடு போகும். சர்வருக்கு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றும் ஒரு எஸ்எஸ்டியும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு சின்ன யுபிஎஸ் ஒன்று. கேட்வேயும் ராஸ்பெரி பையும் சேர்ந்து 10 வாட் இழுத்தால், பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடாமலேயே நான்கு மணி நேரம் தாங்கும்.

ஒவ்வொரு நோடுக்கும்: எஸ்டிஎம்32டபிள்யூஎல் சிப் கொண்ட மாட்யூல் ஒன்று (கணினியும் ரேடியோவும் ஒரே சிப்பில் இருப்பதால் மின்சாரம் மிச்சம்), ஆன்டெனா, 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு ஏஏ செல், அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மின்தேக்கி அல்லது சூப்பர் கெப்பாசிட்டர், தூசியும் மழையும் புகாத ஐபி65 வெள்ளைப் பெட்டி, அடிப்பக்கத்தில் கேபிள் கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைப்பது) இரண்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, துருப்பிடிக்காத திருகு நான்கு. மின்தேக்கியை விட்டுவிடாதீர்கள். இந்த வகை செல் நீண்ட நாள் கொஞ்சமாகக் கொடுக்கும். அனுப்பும்போது சட்டென்று 100 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்டால் வோல்ட் சரிந்து நோடு ரீசெட் ஆகும். பரிசோதனை மேசையில் ஓடியது மாட்டிய மூன்றாம் மாதம் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கிளாம்ப், கம்பம், தாங்கி எல்லாவற்றையும் உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் செய்துகொள்ளலாம். கோவையில் கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறைக்காரரிடம் குழாயின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால் போதும். ஆன்லைனில் வாங்கும் பொதுக் கிளாம்பைவிட உறுதியாக நிற்கும்.

நோடைத் தூங்க வைக்கும் கணக்கு

பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதை வாங்கும் முன்பே தாளில் போட்டுப் பார்க்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 96 முறை அனுப்புகிறது என்று கொள்வோம். விழித்து அளக்க 2 நொடி, 10 மில்லி ஆம்பியர்: 20 மில்லி ஆம்பியர்-நொடி. அனுப்ப 120 மில்லி ஆம்பியர். லோராவானின் வேகப் படிகள் எஸ்எஃப்7 (வேகம் அதிகம், தூரம் குறைவு) முதல் எஸ்எஃப்12 (வேகம் குறைவு, தூரம் அதிகம்) வரை. எஸ்எஃப்7 வேகத்தில் 10 பைட் செய்தி காற்றில் இருக்கும் நேரம் சுமார் 62 மில்லி நொடி: 7 மில்லி ஆம்பியர்-நொடி. பதிலுக்குக் காது கொடுக்க ஒன்றரை வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு முறைக்கு 28 அல்லது 29. நாளுக்கு ஏறத்தாழ 0.76 மில்லி ஆம்பியர்-மணி. தூக்கத்தில் 15 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 0.36. மொத்தம் 1.12. 2400 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் வெயிலுக்கும் கசிவுக்கும் 30 சதம் கழித்தால் 1680 மிஞ்சும். 1500 நாள், அதாவது நான்கு ஆண்டு.

இதே நோடை எஸ்எஃப்12 வேகத்தில் ஓட்டினால் அதே 10 பைட் காற்றில் 1.48 நொடி நிற்கும். ஒரு முறைக்குச் செலவு 200 மில்லி ஆம்பியர்-நொடிக்கு ஏறும். நான்கு ஆண்டு பத்து மாதமாகச் சுருங்கும்.

இன்னொரு கணக்கு. சந்தையில் கிடைக்கும் டெவலப்மென்ட் பலகையை அப்படியே பெட்டிக்குள் வைத்தால், சிப் தூங்கினாலும் பலகையில் இருக்கும் ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப், பவர் எல்இடி தூங்காது. மூன்றும் சேர்ந்து 8 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 192. ஒன்பது நாளில் செல் காலி. எனவே நோடை மாட்டும் முன், மல்டிமீட்டரைத் தொடர் இணைப்பில் வைத்துத் தூக்க மின்னோட்டத்தை அளந்தே தீர வேண்டும். 50 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் காட்டினால் மாட்டாதீர்கள். எது விழித்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் சென்சாரின் மின்சாரத்தை அணைக்க மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வைக்காததே காரணமாக இருக்கும்.

தொட்டி நோடு

எந்த வளாகத்திலும் முதலில் மதிப்பைப் பெற்றுத் தருவது இதுதான். ஆகவே இதை முழுதாகப் பார்ப்போம்.

நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் (ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி) தொட்டி மூடியில் கீழ்நோக்கி நிற்கும். ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். இதற்கு முன்னால் 25 சென்டிமீட்டர் குருட்டுப் பகுதி உண்டு; அதற்குள் வந்த தண்ணீரை அது தப்பாகவே சொல்லும். தொட்டி நிறைந்தாலும் தண்ணீருக்கும் சென்சாருக்கும் 30 சென்டிமீட்டர் இருக்கும்படி ஒரு குட்டைக் குழாய்மேல் ஏற்றி வையுங்கள். அந்தக் குழாய் அகலமாக, குறைந்தது 6 அங்குலமாக இருக்கட்டும். ஒலி விரிந்து பரவுவதால் ஒடுங்கிய குழாயின் விளிம்பிலிருந்தே எதிரொலி வந்து, தொட்டி எப்போதும் நிறைந்ததாகக் காட்டும். தண்ணீர் விழும் குழாயிலிருந்தும் சுவரிலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இதற்கு 5 வோல்ட் கொடுத்தால் இதன் எதிரொலிக் காலும் (பின்) 5 வோல்ட் தரும், 3.3 வோல்ட் சிப்பில் நேரே செருகினால் சிப் கெடும். வரிசையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், தரைக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று பிரித்துக் கொடுங்கள். அளக்கும் இரண்டு நொடிக்கு மட்டும் அந்த 5 வோல்ட்டைத் திறந்து மூடுங்கள்.

ஒரு முறை அளந்ததை அனுப்பக் கூடாது. ஏழு முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பொய் எதிரொலி சராசரியைக் கெடுத்துவிடும், நடுமதிப்பைக் கெடுக்காது.

ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 40 டிகிரியில் 355. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டிக்குள் 2 மீட்டர் ஆழத்தை அளந்தால் 5 சென்டிமீட்டர் பிசகும். வீட்டுத் தொட்டிக்குப் பரவாயில்லை. பரந்த தரைத் தொட்டியில் 5 சென்டிமீட்டர் என்பது ஆயிரக்கணக்கான லிட்டர். அங்கே வெப்பத்தையும் அளந்து திருத்துங்கள், அல்லது அடியில் மூழ்கி நிற்கும் 4-20 மில்லி ஆம்பியர் அழுத்தச் சென்சார் போடுங்கள். அதிகாலையில் மூடியின் உட்புறம் வியர்த்துச் சென்சார் முகத்தில் நீர்த்துளி தொங்கும். அந்த நேரத்து அளவு குதிக்கும். முகத்தைச் சில டிகிரி சாய்த்து வைத்தால் துளி வடிந்துவிடும். போர் தண்ணீர் உப்பானால் மூழ்கும் சென்சாரின் வாயில் சுண்ணாம்பு படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். அதற்கேற்பக் கயிறு கட்டி இறக்குங்கள்.

நோடு சதவீதத்தை அனுப்ப வேண்டாம். தூரத்தை மில்லிமீட்டரில் அனுப்பட்டும். எத்தனை லிட்டர் என்ற கணக்கைச் சர்வர் பார்க்கட்டும். நாளை தொட்டியை மாற்றினால் ஏணி வைத்து ஏறி நோடின் நிரலை மாற்ற வேண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கை: இந்தத் தகவலை மட்டும் நம்பி மோட்டாரைத் தானாக ஓட விடாதீர்கள். பேட்டரி நோடு தான் அனுப்பிய பிறகே பதிலுக்குக் காது கொடுக்கும். "நிறுத்து" என்ற கட்டளை 15 நிமிடம் காத்திருக்க நேரும். தானியங்கி வேண்டுமானால் கம்பி இழுத்த மிதவை சுவிட்ச்சும், டிரை ரன் பாதுகாப்புள்ள (தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும்) ஸ்டார்ட்டரும் முதலில் இருக்க வேண்டும். ஒயர்லெஸ் அதற்கு மேல் ஒரு சாட்சி. நோடை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கவும் கூடாது. இரும்புப் பெட்டி அலையை அடைக்கும், கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் திறந்து மூடும் சுவிட்ச்) விழும்போது வரும் மின் துடிப்பு நோடை ரீசெட் செய்யும்.

மற்ற சென்சார்களில் ஏமாறும் இடங்கள்

வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் டிஹெச்டி11 வேண்டாம். 2 டிகிரி முன்பின் போகும். எஸ்ஹெச்டி31 போடுங்கள். ஈரப்பதத்தைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. கல் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் சேறுபோல் நனைத்து, மூடிய டப்பாவில் சென்சாரோடு எட்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதத்தில் நிற்கும். சென்சார் 70 என்றால் 5 சேர்த்துக் கணக்கிடுங்கள். உப்புச் சேறு சென்சாரைத் தொடக் கூடாது.

வகுப்பறைக் காற்றை அளக்க எம்க்யூ-135 வாங்குவோர் அதிகம். அது கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை; பலவகை வாயுக்களுக்கு ஒன்றாகத் துடிக்கும். உள்ளே ஹீட்டர் வேறு எரிவதால் பேட்டரிக்கும் ஆகாது. எஸ்சிடி41 அல்லது எம்ஹெச்-இசட்19 எடுங்கள். இவை தங்கள் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ளும் வசதி உடையவை. அவ்வப்போது வெளிக்காற்றின் அளவான 400 பிபிஎம் பக்கம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில் அது நடக்கிறது. இரவில் காலியாகும் வகுப்பறைக்குச் சரி. நாள் முழுதும் ஆள் இருக்கும் விடுதி அறையில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ரீடிங் ஹாலில் இடம் இருக்கிறதா என்பதற்குப் பிஐஆர் சென்சார் உதவாது. அது அசைவைத்தான் பார்க்கும். ஆழ்ந்து படிப்பவர் அசைவதில்லை. வாசலில் விஎல்53எல்1எக்ஸ் போன்ற லேசர் தூரச் சென்சாரை மேலிருந்து மாட்டி, உள்ளே வருவோரையும் வெளியே போவோரையும் எண்ணலாம். நாளுக்குச் சிலர் தப்பி எண்ணப்படுவார்கள். பூட்டும் நேரத்தில் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் பிழை சேராது. கேமரா வேண்டாம். மாணவியர் விடுதியில் எந்த அசைவுத் தகவலையும் பொதுத் திரையில் காட்டக் கூடாது. எந்தத் தளத்தில் ஆள் இல்லை என்பதே ஆபத்தான செய்தி. ஆளை அடையாளம் காட்டும் எதையும் சேகரிப்பதானால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உங்களுக்கும் பொருந்தும். சேகரிக்காமல் இருப்பதே எளிது.

கேட்வே நிற்கும் இடம்

வளாகத்தின் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடி. இரும்புத் தொட்டி, லிஃப்ட் அறை, மொபைல் டவர் இவற்றிலிருந்து தள்ளி, கைப்பிடிச் சுவருக்கு மேல் 2 மீட்டராவது உயர்ந்து ஆன்டெனா நிற்க வேண்டும். நேர்க்கோட்டில் பார்வை தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அலை 9 மீட்டர் ஆரத்துக்கு உப்பி நிற்கும். அதில் 60 சதம், அதாவது ஐந்தரை மீட்டர், தடை இல்லாமல் இருக்க வேண்டும். தென்னை மட்டைகள் அதற்குள் புகுந்தால், மழையில் நனைந்த அன்று சிக்னல் விழும்.

கேட்வே பெட்டியை ஆன்டெனாவுக்குக் கீழேயே மாட்டி, நெட்வொர்க் கேபிளை நீட்டுங்கள். ஆன்டெனாக் கேபிளை நீட்டக் கூடாது. ஆர்ஜி58 கேபிள் இந்த அலையில் மீட்டருக்கு அரை டெசிபல் தின்னும். 10 மீட்டர் இழுத்தால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். எல்எம்ஆர்400 வகை என்றால் 10 மீட்டருக்கு ஒன்றேகால் டெசிபல்தான். ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் கேட்வேக்கோ நோடுக்கோ மின்சாரம் கொடுக்காதீர்கள். அனுப்பும் சக்தி திரும்பி வந்து சிப்பையே எரிக்கும்.

கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் ஊர் இது. ஆன்டெனாவுக்கும் கேட்வேக்கும் நடுவில் கேஸ் டியூப் அரெஸ்டர் (இடியின் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்புவது), கம்பத்துக்கும் அரெஸ்டருக்கும் சேர்த்துத் தடித்த செம்புக் கம்பியில் கட்டட எர்த்துக்கு இணைப்பு, நெட்வொர்க் கேபிளுக்குத் தனி சர்ஜ் பாதுகாப்பு. கட்டடத்தின் இடிதாங்கியைவிடக் கம்பம் உயரக் கூடாது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரண்டு மூன்று மாதம் நிற்காமல் அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். 3 மீட்டருக்கு மேற்பட்ட கம்பத்துக்கு மூன்று பக்கமும் இழுகம்பி கட்டுங்கள். நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள்.

மருதமலை போன்ற அடிவார வளாகங்களில் மலை ஒரு பக்கத்தை மறைக்கும். ஒரே கேட்வேயில் எல்லா மூலையையும் பிடிக்கப் போராடுவதைவிட, எதிர்ப்பக்கம் இரண்டாவது கேட்வே வைப்பது நல்லது. லோராவானில் ஒரே செய்தியை இரண்டு கேட்வேயும் கேட்டால் சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஒன்று இறந்தாலும் சேவை நிற்காது.

நடந்து அளத்தல்

கேட்வேயை மாட்டிய பிறகு, ஒரு நோடைக் கையில் எடுத்துக்கொண்டு நோடு வரப்போகும் ஒவ்வோர் இடத்துக்கும் போங்கள். எஸ்எஃப்7 வேகத்தில் 20 செய்தி அனுப்புங்கள். எத்தனை வந்தது, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு என்று எழுதுங்கள். எஸ்எஃப்7க்கு அந்த விகிதம் மைனஸ் 7.5 டெசிபல் வரை போதும். எஸ்எஃப்12க்கு மைனஸ் 20 வரை தாங்கும். நடுவில் உள்ளவை படிக்கு இரண்டரை டெசிபல். ஆனால் எல்லையில் நிற்காதீர்கள். 10 டெசிபல் மிச்சம் வேண்டும். அதாவது எஸ்எஃப்7ல் பிளஸ் 2.5 கிடைத்தால் அந்த இடம் நல்ல இடம்.

வகுப்பு நடக்கும் நாளில், கதவுகள் மூடியிருக்கும்போது அளங்கள். விடுமுறையில் காலி வளாகத்தில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும். ஒரு மூலையில் சிக்னல் வரவில்லையென்றால் உடனே வேகத்தைக் குறைக்காமல், நோடை அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள். இந்த அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். சில அங்குலம் தள்ளினாலே வேறு உலகம்.

பேச்சு நெரிசல்

லோராவான் நோடுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தோன்றியபோது பேசும். ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளுக்கு இடையே இருந்த தன் வளாகங்களை இணைக்க 1971ல் ஓட்டிய அலோகா வலையமைப்பின் முறை இது. வளாகத்துக்காகப் பிறந்த முறை மீண்டும் வளாகத்துக்கே வந்திருக்கிறது. அதன் குறை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும்.

200 நோடு, 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி, மூன்று சேனல் என்று கொள்வோம். எல்லாம் எஸ்எஃப்7 என்றால் மோதிக் கெடுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எல்லாம் எஸ்எஃப்12 என்றால் ஐந்தில் ஒன்று போய்விடும். இந்தக் கணக்கு தெரியாமல், "தூரம் போகட்டும்" என்று எல்லா நோடையும் எஸ்எஃப்12ல் வைப்பவர்கள் பத்து நோடில் மகிழ்ந்து நூறு நோடில் தவிக்கிறார்கள்.

செய்தியைச் சுருக்குவதும் இதற்காகவே. வெப்பத்தை நூறால் பெருக்கி 2 பைட், ஈரப்பதத்தை இரண்டால் பெருக்கி 1 பைட், தூரம் மில்லிமீட்டரில் 2 பைட், பேட்டரி 1 பைட். ஆறு பைட்டில் முடிந்தது. அதையே பெயரும் அடைப்புக்குறியுமாக எழுத்தில் அனுப்பினால் நாற்பது தாண்டும். எஸ்எஃப்12ல் மொத்தமே 51 பைட்தான் இடம்.

நேரத்திலும் ஒரு தந்திரம் வேண்டும். மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும், பிளக்கில் ஓடும் நோடுகள் அத்தனையும் ஒரே நொடியில் எழுந்து வலையில் சேரக் கேட்கும். எல்லாம் மோதி யாருமே சேர முடியாது. எழுந்ததும் 0 முதல் 300 நொடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து கேட்கும்படி நிரலில் எழுதுங்கள். ஒவ்வொரு செய்தியின் இடைவெளியிலும் சில நொடி முன்பின் வரும்படி செய்யுங்கள்.

சர்வர்

ராஸ்பெரி பையில் சிர்ப்ஸ்டாக் நிறுவினால் லோராவான் சர்வர் தயார். அங்கிருந்து எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாகத் தகவல் வெளிவரும். இன்ஃப்ளக்ஸ்டிபியில் சேமித்து கிராஃபானாவில் படம் வரையலாம். மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கும். எஸ்டி கார்டில் இவற்றை ஓட்டாதீர்கள். மின்தடை வரும்போது பாதியில் எழுதிய கார்டு கெடும். எஸ்எஸ்டி அவ்வளவு எளிதில் கெடாது.

நோடை ஓடிஏஏ முறையில் (நோடு தானே கேட்டு வலையில் சேர்ந்து புதிய சாவி பெறுவது) சேர்த்துக்கொள்ளுங்கள். சாவியை முன்பே எழுதி வைக்கும் ஏபிபி முறையில் நோடு ரீசெட் ஆனால் அதன் செய்தி எண் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். சர்வர் அதைத் திருட்டுச் செய்தி என்று ஒதுக்கும். நோடு அனுப்பிக்கொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. ஒவ்வொரு நோடுக்கும் வெவ்வேறு ரகசியச் சாவி வேண்டும். எம்க்யூடிடிக்குக் கடவுச்சொல் வையுங்கள். வளாக வலையில் யாரும் தொட்டி காலி என்று பொய்ச்செய்தி போட முடியக் கூடாது.

திரையில் காட்டுவது

எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் இருந்தே ஆக வேண்டும்: "வடக்கு விடுதித் தொட்டி: 62 சதம், காலை 6:40 நிலவரம்". மூன்று செய்தி தொடர்ந்து வராவிட்டால் எண்ணை மறைத்து, "தகவல் வரவில்லை" என்று காட்டுங்கள். பழைய எண்ணைப் புதியதுபோல் நிறுத்தி வைத்திருக்கும் திரையை ஒருமுறை நம்பி ஏமாந்தவர் மறுபடி அதைப் பார்க்க மாட்டார். நேரே மாடி ஏறி மூடியைத் திறந்து பார்ப்பார். அப்புறம் இத்தனை வேலையும் வீண்.

மெஸ் வாசலில் ஒரு திரை, மோட்டார் போடுபவருக்குக் குறுஞ்செய்தி, மற்றவர்களுக்கு ஒரு எளிய வலைப்பக்கம். எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். தொட்டி 25 சதத்துக்கு இறங்கினால் எச்சரிக்கை, 30க்கு ஏறிய பிறகே அந்த எச்சரிக்கை அடங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால், தண்ணீர் அலை ஆடும்போதெல்லாம் போன் அடிக்கும். இரண்டாம் நாளே அவர் அதை மௌனமாக்கிவிடுவார்.

வெயில், குளவி, குரங்கு

தகரக் கூரைமேல் கருநிறப் பெட்டி வேண்டாம். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார், தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கவசத்துக்குள், நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் பெட்டியின் சூட்டையே ஊரின் வெப்பம் என்று சொல்லும். ரீசார்ஜ் செய்யும் நோடுக்கு 18650 லித்தியம் அயனுக்குப் பதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் எடுங்கள். சூட்டை நன்றாகத் தாங்கும்.

கேபிள் எப்போதும் பெட்டியின் அடியிலிருந்து, ஒரு தொங்கலோடு நுழைய வேண்டும். மழைநீர் தொங்கலில் சொட்டிவிடும். எறும்பும் பல்லியும் புகும் துளையைக் கிளாண்டால் இறுக்குங்கள். அல்ட்ராசோனிக் சென்சாரின் வாயில் குளவி மண்கூடு கட்டும். அப்போது தொட்டி நிறைந்ததாகவே எப்போதும் காட்டும். அளவு 24 மணி நேரம் மாறாமல் நின்றால் சர்வர் உங்களிடம் சொல்லும்படி ஒரு விதி எழுதுங்கள். பயன்பாட்டில் உள்ள தொட்டி ஒரு நாள் முழுக்க ஆடாமல் நிற்காது. அடிவார வளாகங்களில் குரங்கு வெளியே நீட்டிய ஆன்டெனாவைத்தான் முதலில் பிடுங்கும். அங்கே ஆன்டெனா உள்ளேயே இருக்கும் பெட்டி வாங்குங்கள். இரண்டு டெசிபல் போனாலும் நோடு நிலைக்கும்.

பதிவேடு

ஒவ்வொரு நோடுக்கும் ஒரு எண்ணைப் பெட்டியின் வெளியே அழியாத மையில் எழுதுங்கள். பதிவேட்டில் அந்த எண், மாட்டிய தேதி, செல் போட்ட தேதி, மாட்டிய இடத்தின் புகைப்படம், மாட்டிய அன்றைய சிக்னல் அளவு, ஏற ஏணி வேண்டுமா, சாவி யாரிடம். ரகசியச் சாவிகளை இதே ஏட்டில் எழுத வேண்டாம். செல்லின் வோல்ட்டைப் பார்த்து ஆயுளைக் கணிக்க முடியாது. லித்தியம் தயோனைல் செல் கடைசி வரை 3.6ல் நின்று, பிறகு சில நாளில் விழுந்துவிடும். எத்தனை செய்தி அனுப்பியது என்ற எண்ணிக்கையை வைத்து முன்கூட்டியே மாற்றுங்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் அமைத்த வலை, அவர்கள் படிப்பு முடித்துப் போனதும் ஜூன் மாதத்தில் கேட்பாரற்றுக் கிடப்பது வளாகந்தோறும் நடக்கிறது. எனவே பதிவேடு கல்லூரி எலக்ட்ரீஷியனிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும். செல் மாற்றுவதையும் சென்சாரின் முகத்தைத் துடைப்பதையும் அவருக்கு இரண்டு முறை செய்து காட்டி, மூன்றாம் முறை அவரையே செய்யச் சொல்லுங்கள். ஆடி பிறக்கும் முன் கம்பமும் இழுகம்பியும், ஐப்பசி பிறக்கும் முன் கிளாண்டும் சிலிக்கா ஜெல்லும் அரெஸ்டரின் எர்த்தும், மாசியில் தொட்டிச் சென்சாரின் வாயும் என்று ஆண்டுக்கு மூன்று சோதனை நாளை அந்த ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.